கட்டளை இல்லாமல் வந்த சரக்கு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஒட்டகத் தம்பி எழுதுகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தானுக்கு இருமல் நின்றதா? இங்கே நாங்கள் மூன்று பேரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், அந்த மட்டில் நலம்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேக்கரி அடுப்பை விட்டு வீடு வந்து படுக்கும்போது நீ ஆய்வகத்துக்குக் கிளம்புகிறாய். நீ வீடு திரும்பும்போது நான் மாவு பிசையப் போயிருப்பேன். நடுவில் கிடைக்கிற நேரத்தில் பேசினால், ஒற்றை அறை வீட்டில் ஒவ்வொரு வார்த்தையும் உருண்டையின் காதில் விழும். விஷயமே அவனைப் பற்றியதுதான்.

உருண்டை என்று நீ வைத்த செல்லப் பேர் இப்போது அவனுக்குப் பொருந்தவில்லை, உயரமாகிக்கொண்டே போகிறான். நாலு வயதுப் பிள்ளைக்கு ஆறு வயதுச் சட்டை வாங்குகிறோம். வளர்ந்தால் சந்தோஷம்தானே என்று நானும் இருந்துவிட்டேன். பிறகு நெற்றியில் பரு வந்தது. விளையாடிவிட்டு வந்தால் எங்கள் அடுப்பு ஆட்களைப் போல வியர்வை நாறுகிறது. போன வாரம் குளிப்பாட்டும்போது அவன் அம்மா, "இங்க கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டாள். இடுப்புக்குக் கீழே நாலைந்து முடி. பாலர் பள்ளியில் ஒரு பிள்ளையைக் கடித்துவிட்டான் என்று வேறு புகார்.

டாக்டர் ரத்தம் எடுத்திருக்கிறார், மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்திருக்கிறார். ஹார்மோன் சமாச்சாரம் என்றார். நீ நாள் முழுக்க அதைத்தானே அளக்கிறாய்? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. அவசரம் ஒன்றுமில்லை.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி,
ஒட்டகம்


ஜனவரி 16

அன்புத் தம்பிக்கு,

முழங்கால் என்னோடு சண்டை போட்டுக்கொண்டே கூட வருகிறது. அத்தானின் இருமல் நின்றுவிட்டது, இப்போது குறட்டை. மற்றபடி சுகம்.

நீ "அவசரம் ஒன்றுமில்லை" என்று எழுதினால்தான் எனக்கு அவசரம் என்று புரியும். சின்ன வயதில் கை முறிந்ததையே மூன்றாம் நாள் சொன்ன ஆள் நீ.

கேள். நாம் திட்டுகிறோமே கொலஸ்டிரால், அந்தக் கொழுப்பிலிருந்துதான் உடம்பு இந்த ஹார்மோன்களைச் செய்கிறது. ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன், பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் என்று பள்ளிக்கூடத்தில் பங்கு பிரித்துக் கொடுத்தார்கள், அது பாதிதான் சரி. இரண்டு பேருக்கும் இரண்டும் உண்டு, அளவுதான் வேறு. மூளைக்கு அடியில் பட்டாணி அளவு சுரப்பி ஒன்று இருக்கிறது. அது கட்டளை அனுப்பினால், கீழே பட்டறையில் சரக்கு தயாராகும். சின்னப் பிள்ளைகளிடம் அந்தக் கட்டளை தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதில்தான் விழிக்க வேண்டும்.

உருண்டைக்கு மூளை சீக்கிரம் விழித்திருக்கலாம். அல்லது கட்டளைக்குக் காத்திராமல் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பி தானாகச் சரக்குப் போடலாம். இரண்டும் இல்லையென்றால் வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும். வீட்டில் யாராவது தோலில் பூசுகிற ஹார்மோன் மருந்து, கிரீம், ஜெல் ஏதாவது வைத்திருக்கிறீர்களா? அவன் ஏதாவது சத்து மாத்திரை சாப்பிடுகிறானா? ரத்த அறிக்கை வந்ததும் அதில் இருப்பதை அப்படியே எழுது.

அவன் கடித்த பிள்ளைக்குக் காயம் இல்லையே?

அக்கா


ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

கடிபட்ட பிள்ளை நலம், கடித்தவனும் நலம். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எங்கள் முதலாளிக்கு மட்டும் இவ்வளவு தெளிவாகச் சொல்ல வந்தால் பாதி ரொட்டி கருகாது.

அறிக்கை வந்துவிட்டது. டெஸ்டோஸ்டிரோன் பதினைந்து வயதுப் பையனுக்கு இருக்கிற அளவாம். நீ சொன்ன அந்த மூளைக் கட்டளை அனேகமாக இல்லவே இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பு வயது ஆறு என்று வருகிறது. அடுத்து வயிற்றை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். அசையாமல் படுக்க மாட்டான், ஊசி போட்டுத் தூங்க வைத்துத்தான் எடுப்பார்களாம்.

சத்து மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை. பால், ரொட்டி, முட்டை, வீட்டுச் சாப்பாடு, இவ்வளவுதான். கிரீம் என்று பார்த்தால் அவன் அம்மாவின் முகப்பவுடர்தான். வேறு ஒன்றும் வீட்டில் இல்லை.

இங்கே பனி அதிகம். அடுப்பு பக்கத்தில் நிற்பதால் எனக்குத் தெரிவதில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஒட்டகம்


பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம் என்று எழுதிவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கட்டளை இல்லை, சரக்கு மட்டும் இருக்கிறது. அப்படியானால் மூளை விழிக்கவில்லை. அந்த மட்டில் நல்லது. ஆனால் சரக்கு எங்கிருந்தோ வருகிறது. டெஸ்டோஸ்டிரோன் கொழுப்போடு ஒட்டிப் பழகிய மிகச் சின்னப் பொருள். செல்லின் சுவரைக் கதவைத் தட்டாமல் தாண்டிவிடும். உள்ளே அதற்கென்று காத்திருக்கிற புரதத்தைப் பிடித்துக்கொண்டு மரபணு இருக்கிற இடம்வரை போய், இதைப் படி, அதைப் படிக்காதே என்று அதிகாரம் செய்யும். பருவும் வியர்வையும் கடியும் அப்படி வருகிறவைதான். அதில் ஒரு பங்கை உடம்பு ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். எலும்பின் நுனியை முதிர வைத்து மூடுவது அந்தப் பங்கு. அதனால்தான் இப்போது உயரமாகத் தெரிகிற பிள்ளை, விட்டுவிட்டால் எல்லோருக்கும் முன்னால் வளர்த்தியை முடித்துக்கொண்டு குட்டையாக நின்றுவிடும்.

ஒளிக்காமல் சொல்கிறேன். அட்ரினலில் கட்டி இருந்தாலும் இப்படித்தான் அறிக்கை வரும். ஸ்கேனைத் தள்ளிப் போடாதே. எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொன்று, கோபப்படாமல் கேள். உன் வீட்டுக்காரி உடம்புக்கு ஏதாவது மருந்து எடுக்கிறாளா? பெண்கள் சிலதை வெளியே சொல்ல மாட்டார்கள். நான் கேட்டதாகவே கேள்.

அக்கா


பிப்ரவரி 20

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பியின் மனைவி எழுதுகிறேன். உங்களுக்கும் அண்ணனுக்கும் உடம்பு சுகம்தானே? உங்களுக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இப்படி அமைந்துவிட்டது, குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஸ்கேன் முடிந்தது. கையில் ஊசி போட்டுத் தூங்க வைத்தார்கள். எழுந்ததும் என்னை அடையாளம் தெரியாதவன் போல் பார்த்தான், அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு உயிரே இல்லை. அட்ரினல் இரண்டும் சுத்தமாக இருக்கிறதாம். ஆனால் ரொம்பச் சின்னக் கட்டி படத்தில் தெரியாமல் போகலாம் என்கிறார்கள். ஏப்ரலில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, தொடை வழியாகக் குழாய் விட்டு இரண்டு பக்கத்து ரத்தத்தையும் எடுத்துப் பார்ப்பார்களாம். அவசியம் வந்தால் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்கள்.

நான் ஏதாவது மருந்து சாப்பிடுகிறேனா என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். எனக்கு வருத்தம் இல்லை. டாக்டரும் அதையே கேட்டார், வீட்டில் பூசுகிற மருந்து உண்டா என்றும் கேட்டார். உங்கள் தம்பி இல்லை என்று சொன்னார். என்னுடையது எதுவும் இல்லை, அண்ணி. அதை மட்டும் நான் சொல்ல முடியும். அதற்கு மேல் சொல்ல மாட்டேன் என்று கல்யாணமான மறுவருஷம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து பிள்ளையை அவர் பக்கம் விடாமல் நானே வைத்துக்கொள்கிறேன். அவன் அப்பா வேண்டும் என்று அழுகிறான். அவரும் வா என்று கூப்பிடுவதில்லை. அவரே சொல்லட்டும் என்று பார்க்கிறேன். சொல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்கிற நாளுக்கு முன்னால் நானே டாக்டரிடம் சொல்லிவிடுவேன். அப்போது என்னைத் தப்பாக நினைக்காதீர்கள்.

அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.


பிப்ரவரி 26

தம்பி,

சுகமா என்று கேட்கிற நிலையில் நான் இல்லை.

தலையைச் சுற்றி மூக்கைத் தொடாமல் கேட்கிறேன். டெஸ்டோஸ்டிரோன் ஜெல் பூசுகிறாயா? தோளிலும் கையிலும் பூசுகிற அந்த ஜெல், பூசியவனோடு நிற்காதுடா. அந்தத் தோளில் ஒரு பிள்ளை கன்னத்தை வைத்துப் படுத்தால் அதன் தோல் வழியாகவும் இறங்கும். உனக்குத் துளி, அவனுக்கு வெள்ளம்.

எதற்கு உனக்கு அது? நாற்பதைத் தொடுகிற வயதில் மீசை முளைக்க வைக்க ஆசையா? புஜத்தைத் திரட்டி அடுப்பு முன்னால் காட்டப் போகிறாயா? சுவரில் ஒட்டுகிற விளம்பரத்தையெல்லாம் நம்பி எவனோ விற்றதை வாங்கிப் பூசிவிட்டு, ஒரு பச்சைப் பிள்ளையின் வயிற்றைத் திறக்கிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருப்பாயா? உன்னை இப்படி நான் நினைத்ததில்லை.

உடனே டாக்டரிடம் போ.

அக்கா


மார்ச் 14

அன்புத் தம்பிக்கு,

முழங்கால் வலிக்கு ஊசி போட்டார்கள், தேவலை. அத்தான் உன்னை விசாரித்தார்.

இரண்டு வாரமாகப் பதில் இல்லை. பகலில் போன் செய்தாலும் நீ எடுப்பதில்லை, உன் வீட்டுக்காரி எடுத்து, தூங்குகிறார் என்கிறாள். நான் எழுதியது காரமாக இருந்திருக்கும். என்மேல் கோபமாக இரு, எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இரு. அந்த ஜெல்லின் டப்பாவை மட்டும் கொண்டுபோய் டாக்டர் மேசையில் வைத்துவிடு. எனக்கு ஒரு விளக்கமும் வேண்டாம்.

அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்குக் கால் தேவலை என்றது சந்தோஷம்.

டப்பாவை வைத்துவிட்டேன். டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, "அப்பாடா" என்றார். ஆஸ்பத்திரியில் சேர்க்கிறதையெல்லாம் ரத்து செய்துவிட்டார். ஜெல்லை நிறுத்தி, கொஞ்ச நாள் விட்டுத் திரும்பவும் ரத்தம் பார்ப்போம் என்றார்.

விளக்கம் வேண்டாம் என்றாய். ஆனால் எழுதுகிறேன், இப்போது விட்டால் என்றைக்கும் எழுத மாட்டேன்.

விளம்பரம் பார்த்து வாங்கியது இல்லை அது. டாக்டர் எழுதிக் கொடுத்தது. கல்யாணமாகி ஒரு வருஷம் பிள்ளை இல்லை என்று பரிசோதனைக்குப் போனோம். எனக்குப் பிறக்கும்போதே ஒரு குரோமோசோம் கூடுதல் என்றார்கள். உயரமும் நீளக் காலும் அதனால்தானாம். நீ ஒட்டகம் என்று பேர் வைத்தது, மீசை வராதது, எல்லாம் ஒரே காரணம். உன் கணக்கில் சொன்னால், என் மூளை கட்டளை மேல் கட்டளையாக அனுப்பிக் கத்திக்கொண்டே இருக்கிறது, பட்டறையில்தான் ஆள் இல்லை. ஜெல் இல்லாவிட்டால் எலும்பு தேயும், மாவு மூட்டையைத் தூக்க முடியாது, உட்கார்ந்தால் எழ மனசு வராது. அதனால் பூசுகிறேன். பூசியதும் கையைக் கழுவு, சட்டை போட்டு மூடு என்று மருந்துக்கடையில் சொன்னார்கள். கையை நான் எப்படிக் கழுவுவேன் என்று உனக்குத் தெரியும், மாவில் வைக்கிற கை. சட்டையில்தான் கோட்டை விட்டேன். மற்றவர்கள் காலையில் குளித்தால் சட்டை போட்டு வேலைக்குப் போவார்கள். நான் காலையில் குளித்து, ஜெல்லைப் பூசிவிட்டுப் படுப்பேன். இரவெல்லாம் அடுப்பில் வெந்த உடம்பில் பனியன்கூடத் தாங்காது. பாலர் பள்ளிக்குப் போகுமுன் அவன் வந்து என் தோளில் ஏறி ஒரு தூக்கம் போடுவான். எனக்கு ஒரு நாளில் அவன் கிடைக்கிற நேரம் அதுதான்.

நீ முதல் கடிதத்தில் ஜெல் என்று எழுதியிருந்ததைப் படித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கே அடியோடு நிறுத்தியிருக்கலாம். பூசுவதை விட்டேன், ஒரு வாரத்தில் மாவு வாளி கை நழுவியது, மறுபடி பூசினேன். உனக்கு இல்லை என்று எழுதினேன், டாக்டரிடமும் அதையே சொன்னேன். ஜெல் என்றால் ஏன் என்பார்கள். ஏன் என்பதற்குப் பதில் சொன்னால் அடுத்து பிள்ளை யாருடையது என்பார்கள். மற்றவர்களுக்குப் பக்கம் பக்கமாகச் சொல்ல வேண்டும், ஆய்வகக்காரி உனக்குப் பாதி வாக்கியம் போதும்.

ஆமாம், அக்கா. அவன் எனக்குப் பிறந்தவன் இல்லை. யாரென்று தெரியாத ஒருவர் கொடுத்த விந்தில், ஒரு ஆஸ்பத்திரியில், சட்டப்படி உண்டானவன். அவன் அம்மாவுக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. என் உடம்பிலிருந்து அவனுக்கு ஒன்றுமே போகவில்லை என்று நாலு வருஷம் உள்ளுக்குள் அழுதேன். கடைசியில் போனது இது. அதுவும் கடையில் வாங்கியது.

நீ அவனுக்கு அத்தை. இனிமேல் எப்படி நினைப்பாயோ தெரியவில்லை.

ஒட்டகம்


மார்ச் 29

என் தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தை ஆய்வகத்தில் வைத்தே படித்துவிட்டேன், கூட வேலை செய்கிறவள் யாராவது செத்துப்போனார்களா என்று கேட்டாள். அந்த அழகில் அழுதிருக்கிறேன்.

முதலில் மீசையைப் பற்றி எழுதியதற்கு உன் காலில் விழ வேண்டும். முழங்கால் மடங்காது, அதனால் எழுத்தில் விழுந்ததாக வைத்துக்கொள். நாள் முழுக்க இதே ஹார்மோனை அளக்கிறவள், கூடப் பிறந்தவனை ஒரு தடவையாவது அந்தக் கண்ணால் பார்த்தேனா? நெட்டையாக இருக்கிறான், கிண்டல் செய்யலாம் என்று மட்டும்தான் தோன்றியது. இவ்வளவையும் நீ தனியாகச் சுமந்ததில் எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. பொய் சொன்னதிலும் கோபம்தான், அதை நேரில் வந்து வைத்துக்கொள்கிறேன்.

அத்தை விஷயம். ஒரு நாளைக்கு என் மேசைக்கு நூற்றுக்கணக்கில் ரத்தக் குழாய் வருகிறது. பித்தம், சர்க்கரை, உப்பு, ஹார்மோன், கேட்டதையெல்லாம் அதிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். இந்தப் பிள்ளை அழுதால் யாரைத் தேடும் என்று எந்தக் குழாயும் எனக்குச் சொன்னதில்லை. உன் வீட்டுக்காரி ஒரே வரியில் எழுதியிருந்தாள், அப்பா வேண்டும் என்று அழுகிறான் என்று. எனக்கு அது போதும். நான் அத்தைதான், எவனும் வந்து ரத்து செய்ய முடியாது.

இனி வேலையைப் பார். நீ மருந்தை நிறுத்தவே கூடாது. சில வாரத்துக்கு ஒரு முறை தசையில் போடுகிற ஊசி இருக்கிறது, அதற்கு மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கேள். தோலில் ஒன்றும் ஒட்டாது. படுக்கை விரிப்பு, துண்டு, பழைய தலையணை உறை எல்லாவற்றையும் சோப்புப் போட்டு அலசச் சொல். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகவும் சொல். வாக்கையும் காப்பாற்றி, பிள்ளையையும் காப்பாற்றப் பார்த்திருக்கிறாள், எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

அக்கா


ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நீ வந்து போனதிலிருந்து அத்தையின் முழங்கால் எப்படிச் சத்தம் போடும் என்று உருண்டை செய்து காட்டுகிறான். கோபித்துக்கொள்ளாதே. எங்கள் எல்லோருக்கும் சுகம்.

நேற்று ரத்த அறிக்கை வந்தது. நாலு வயதுப் பிள்ளைக்கு இருக்க வேண்டிய அளவுக்கு இறங்கிவிட்டது. பரு போய்விட்டது, வியர்வை நாற்றம் போய்விட்டது, யாரையும் கடிப்பதில்லை. முடி கொஞ்சம் அப்படியே இருக்கும் போலிருக்கிறது. எலும்பு முந்தியது முந்தியதுதான், பின்னால் வராது. ஆனால் இப்போது வேகம் குறைந்துவிட்டதால் பெரிதாக நஷ்டம் வராமல் போகலாம் என்கிறார் டாக்டர். வருஷா வருஷம் பார்க்க வேண்டும்.

எனக்கு ஊசிதான். தோளில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவன் இன்னும் நேராக வந்து ஏறுவதில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "இப்ப தொடலாமாப்பா?" என்று கேட்கிறான். தொடலாம்டா என்று தினமும் சொல்கிறேன், தினமும் கேட்கிறான். அந்த மாதங்களில் அவனைத் தள்ளி வைத்ததற்கு அவன் தானாக ஏதோ காரணம் வைத்திருக்கிறான் போல. போகப் போகச் சரியாகும் என்று அவன் அம்மா சொல்கிறாள்.

டாக்டர் அறையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எடை பார்க்க நர்ஸ் அவனை வெளியே கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் வளர்ச்சிப் படத்தையும் அவனுடைய படிவத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, பெரியவனானால் எவ்வளவு வளருவான் என்று கணக்குப் போட உட்கார்ந்தார். அம்மாவின் உயரத்தைக் கேட்டார், அவள் சொன்னாள். அப்பா உயரம் என்று என் முகத்தைப் பார்த்தார். என் உயரத்தைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், யாருக்குத் தெரியப் போகிறது? அவள் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் உயரம் இந்தக் கணக்குக்கு ஆகாது, டாக்டர். வேற ஒருத்தர் விந்துல உண்டானவன். அவர் உயரம் எங்களுக்குத் தெரியாது" என்றேன். அவள் மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் சரி என்று தலையாட்டி, அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார். ஒரு கேள்வி இல்லை, முகத்தில் ஒரு மாற்றம் இல்லை. அடுத்த வரிக்கு விரலை நகர்த்தி, "தினமும் இவன் யார்கூடத் தூங்குவான்? யார் அதிகமாத் தூக்குறது?" என்றார்.

"நான்தான்" என்றேன்.

அந்த வரியில் அவர் "அப்பா" என்று எழுதினார்.

அத்தானுக்கு எங்கள் வணக்கம்.

உன் தம்பி,
ஒட்டகம்